நகரைக் குறுக்காகக் கடக்கும் புறநகர் ரயில்: கடைசி நிலையம் எங்கே இருக்க வேண்டும்?

பதிவு 1 · இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பக்கத்துப் புறநகரையும் அதற்கு நேரெதிரே உள்ள மறுபக்கத்துப் புறநகரையும் நடுவில் சுரங்கம் தோண்டி ஒரே பாதையாக இணைக்கும் திட்டங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், சுரங்கத்தின் ஆழமும் நடுநகர நிலையங்களின் இடமும்தான் விவாதத்தை நிறைத்துவிடுகின்றன. அந்தப் பாதை இரு முனைகளிலும் எந்த நிலையத்தில் முடிய வேண்டும் என்ற கேள்வியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சுரங்கத்தில் மணிக்கு எத்தனை ரயில்கள் ஓட முடியும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்தக் கடைசி நிலையத்துக்கும் சுரங்கத்துக்கு நிகரான பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆகவே இந்த இழையை அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

பொதுவாக மூன்று வாய்ப்புகள் முன்வைக்கப்படுகின்றன. சுரங்கம் தரைக்கு மேலே வந்தவுடன் எதிர்ப்படும் பழைய பெரிய நிலையத்திலேயே நிறுத்திவிடலாம். குடியிருப்புகள் குறைந்து காலி நிலம் தொடங்கும் நகர விளிம்பு வரை போகலாம். அதையும் தாண்டி, தனக்கென்று வேலைவாய்ப்பும் தொலைதூர ரயில்களும் கொண்ட அடுத்த நகரம் வரை நீட்டலாம்.

லண்டனைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் எலிசபெத் பாதை இந்த மூன்றையும் ஒருசேரப் பார்த்துவிட்டது. 2008 ஜூலையில் அதற்கான சட்டம் நிறைவேறியபோது மேற்கு முனை மெய்டன்ஹெட் என்றே இருந்தது. அங்கிருந்து இடையில் ஒரே ஒரு நிலையத்தைக் கடந்தால் ரெடிங் என்ற பெரிய நகரம் வந்துவிடும். தூரம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர்தான். இருந்தும் அங்கே போகவில்லை. மெய்டன்ஹெட்டுக்கு அப்பால் மேல்நிலை மின்கம்பி அமைக்கும் திட்டம் அன்று இல்லை; ரெடிங் நிலையமும் நடைமேடை போதாமல் திணறிக்கொண்டிருந்தது. பின்னர் 2009இல் மேற்குப் பெரும்பாதையை மின்மயமாக்கும் அறிவிப்பு வந்தது, ரெடிங் நிலையமும் புதிய நடைமேடைகளோடு திருத்திக் கட்டப்பட்டது. அதன் பிறகு, 2014 மார்ச்சில், முனையத்தை ரெடிங்குக்கு மாற்றினார்கள். 2022 மே 24 அன்று நடுப்பகுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ரெடிங்கிலிருந்து சுரங்கத்துக்குள் நேரடி ரயில்கள் ஓடத் தொடங்கின.

2008இல் எடுத்த முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கம்பி இல்லாத இடத்துக்கு மின்ரயில் போகாது. ஆயினும், ஒரு பாதையின் முனை அந்தப் பாதையைத் திட்டமிட்டவர்களின் கையில் மட்டும் இல்லை, பக்கத்தில் வேறொருவர் செய்யும் வேலையையும் சார்ந்திருக்கிறது என்பதை இதில் காண்கிறேன். இத்தகைய பாதை அடுத்த பெரிய நகரம் வரை போய் முடிவதே சரி என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.

பதிவு 2 · கால அட்டவணை எழுதுபவர்

நல்ல இழை. ஆனால் ஊரின் பெயரிலிருந்து தொடங்காமல், ரயில் திரும்புவதற்கு ஆகும் நிமிடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

சுரங்கத்தில் மணிக்கு 24 ரயில்கள் என்றால், இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. எலிசபெத் பாதையின் ரயில் ஒன்பது பெட்டிகள், ஏறத்தாழ 205 மீட்டர் நீளம். கடைசி நிலையத்தில் அது வந்து நின்றதும் என்னென்ன நடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பயணிகள் இறங்க வேண்டும். ஓட்டுநர் தன் அறையின் கருவிகளை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடைமேடை முழுவதையும் நடந்து கடந்து, மறுமுனை அறையைத் திறந்து, கருவிகளை இயக்கி, பிரேக்கைச் சோதித்து, சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும். வேகமாக நடந்தாலும் நடைக்கு மட்டுமே மூன்று நிமிடம் போய்விடும். தாமதத்தை ஈடுகட்டக் கொஞ்சம் மிச்ச நேரமும் வேண்டுமென்றால் பத்து நிமிடத்துக்குக் குறைவாக எழுதுவது நேர்மையான அட்டவணை ஆகாது.

இப்போது கணக்கு எளிது. 24 ரயில்களும் ஒரே நிலையத்தில் திரும்பினால், பத்தை இரண்டரையால் வகுக்க நான்கு நடைமேடைகள் வரும். அதுவும் ஒரு நொடிகூட மிச்சம் இல்லாமல். நிம்மதியாக நடத்த ஐந்து வேண்டும். பாதை இரண்டாகப் பிரிந்து ஆளுக்குப் பன்னிரண்டு ரயில்கள் என்றால், ஒவ்வொரு முனையிலும் இரண்டு போதும் என்று காகிதம் சொல்லும்; மூன்று வேண்டும் என்று அனுபவம் சொல்லும். கிழக்கில் ஷென்ஃபீல்டு, ஆபி வுட் என்று இரண்டு முனைகளாகப் பிரித்ததில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

ஷென்ஃபீல்டு ஏன் முனையம் ஆனது என்பதைக் கவனியுங்கள். அது பெரிய நகரம் அன்று. ஆனால் லண்டனிலிருந்து வரும் நான்கு தடங்கள் அந்த நிலையத்தோடு முடிந்து, அதற்கு அப்பால் பெரும்பாதை இரண்டு தடங்களாகச் சுருங்குகிறது. நின்று நின்று போகும் ரயில் விரைவு ரயிலுக்கு வழிவிட்டு ஓடக்கூடிய இடம் அதுவரைதான். தண்டவாளமே சொல்லிக் கொடுத்த முனையம் அது. ஊரின் பெருமையைவிட நான் இதைத்தான் மதிப்பேன்.

பதிவு 3 · கடைசி நிலையத்துப் பயணி

நான் பல ஆண்டுகளாக ஒரு புறநகர்ப் பாதையின் கடைசி நிலையத்தில் ஏறி இறங்குபவன். தொழில்நுட்பம் அறியாதவன் என்றாலும் ஒரு சொல் சொல்ல அனுமதியுங்கள்.

கடைசி நிலையத்தில் ஏறுபவனுக்கு இருக்கை கிடைக்கும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தினமும் ஒரு மணி நேரம் பயணம் செய்பவனுக்கு அது உடல்நலம் சார்ந்தது. முனையத்துக்கு முந்தைய நிலையங்களில் ஏறுபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மும்பையில் விரார் ரயில்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: நகரத்துக்குப் போக வேண்டியவர்கள் விராருக்கு முந்தைய நிலையமான நாலாசோபாராவில் எதிர்த்திசை ரயிலில் ஏறி, விரார் வரை போய், இறங்காமல் அதே இருக்கையில் அமர்ந்தபடி திரும்பி வருகிறார்கள். முனையம் ஓரிரு நிலையங்கள் தள்ளிப் போனால் இருக்கை யாருக்கு என்பதே மாறிவிடுகிறது. திட்ட அறிக்கைகளில் 'பயணிகள் கொள்ளளவு' என்று ஒரே எண்ணாக எழுதுகிறார்கள். அந்த எண் எந்த நிலையத்தில் தீர்ந்துபோகிறது என்று எழுதுவதில்லை.

தொடங்கியவரிடம் ஒரு கேள்வி. அடுத்த நகரம் வரை போனால், அந்த நகரத்துக்காரர்களே எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிட மாட்டார்களா? நடுவில் உள்ள புறநகர்க்காரர்களுக்காகத்தானே பாதையே போடப்படுகிறது?

பதிவு 4 · இழையைத் தொடங்கியவர்

நியாயமான கேள்வி, நண்பரே. ஆனால் ரெடிங்கில் நடப்பது வேறு. அங்கிருந்து லண்டன் பேடிங்டனுக்கு விரைவு ரயிலில் அரை மணிக்கும் குறைவான நேரம் போதும்; எல்லா ஊர்களிலும் நின்று வரும் எலிசபெத் பாதை ரயிலுக்கு ஒரு மணியை நெருங்கும். நகரத்துக்கு அவசரமாகப் போகும் ரெடிங்வாசி பெரும்பாலும் விரைவு ரயிலைத்தான் தேடுவார். ஆக, கடைசி நிலையம் கடைசி நிலையத்துக்காரருக்காக மட்டும் இருப்பதில்லை. நடுவில் இருக்கும் சிறு ஊர்க்காரர் இரு திசையிலும் பயன் பெறுகிறார்: ஒரு பக்கம் தலைநகரின் மையம், மறுபக்கம் ரெடிங்கின் அலுவலகங்களும் அங்கிருந்து கிளம்பும் தொலைதூர ரயில்களும்.

இதற்கு இன்னொரு பலனும் உண்டு. காலையில் நகரத்துக்குள் நிரம்பி வரும் ரயில், வெளியே போகும்போது காலியாகப் போவதுதான் புறநகர் ரயில்களின் பழைய நோய். முனையில் மக்கள் தேடிப் போகும் இடம் ஒன்று இருந்தால் அந்தக் காலி ரயிலிலும் ஆள் ஏறுவார்கள். பாரிஸைக் குறுக்காகக் கடக்கும் புறநகர் ரயிலான ஆர்.ஈ.ஆர். ஏ பாதையை 1992இல் மார்ன்-லா-வாலே–ஷெஸி வரை நீட்டினார்கள். டிஸ்னிலேண்ட் பூங்கா அதே மாதம் அங்கே திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அதிவேக ரயில் நிலையமும் அதே இடத்தில் வந்தது. குடியிருப்புப் பகுதியில் முடியும் கிளைக்கும் இப்படி முடியும் கிளைக்கும் இருக்கும் வேறுபாடு நாள் முழுவதும் தெரியும்.

ஒன்றை மட்டும் என் கட்சிக்கு எதிராக நானே ஒப்புக்கொள்கிறேன். எலிசபெத் பாதை ரயில்களில் கழிப்பறை கிடையாது. மெட்ரோ போல நிறையப் பேர் நின்று பயணம் செய்யும்படி அமைக்கப்பட்ட பெட்டிகள் அவை. பாதையை நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பெட்டியின் அமைப்பையே மாற்ற வேண்டிவரும். முதியவர்களுக்கும் குழந்தைகளை அழைத்து வருபவர்களுக்கும் இது பெரிய தொல்லை. பெட்டி எந்த வகை என்பதை முடிவு செய்யாமல் முனையத்தை முடிவு செய்யக் கூடாது.

பதிவு 5 · கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

நீங்கள் எல்லோரும் ரயில் சரியாக ஓடும் நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஓடாத நாளைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு மாலை வேளை, நெரிசல் தொடங்கிய நேரம். நகரத்திலிருந்து வெகு தொலைவில், எங்கள் புறநகர் ரயில்கள் மற்றவற்றோடு தடத்தைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில், ஒரு சரக்கு ரயிலின் எஞ்சின் நின்றுவிட்டது. எங்கள் முன் இருந்த பலகையில், ரயில் நிற்கும் தடத்துண்டு சிவப்பாக எரியும். முதலில் ஒரு சிவப்பு, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. முக்கால் மணி நேரத்தில் அந்தச் சிவப்பு வரிசை நகரத்தின் நடுப்பகுதி வரை ஊர்ந்து வந்துவிட்டது. எஞ்சின் பழுதான இடத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத பயணிகள், மறுபக்கத்துப் புறநகருக்குப் போக வேண்டியவர்கள், இருட்டில் இரு நிலையங்களுக்கு நடுவே நின்றார்கள். அவர்களுக்கு என்ன அறிவிப்பது என்று நான் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்த அந்த நிமிடங்களை இன்றும் மறக்கவில்லை.

குறுக்குப் பாதையின் இயல்பே இதுதான். இரண்டு தனித்தனிப் பாதைகளாக இருந்தவரை மேற்கில் கெட்டால் மேற்கோடு நின்றுவிடும். இணைத்துவிட்டால் மேற்கின் தாமதம் கிழக்கையும் போய்ச் சேரும். முனையம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, வழியில் எத்தனை பேரோடு தடத்தைப் பகிர்கிறதோ, அவ்வளவு தாமதத்தையும் அந்த ரயில் சுரங்கத்துக்குள் சுமந்து வருகிறது. இரண்டரை நிமிட இடைவெளியில் ஓடும் சுரங்கத்தில் நான்கு நிமிடம் தாமதமாக வரும் ரயில் தன் இடத்தை இழப்பது மட்டும் அன்று, இன்னொரு ரயிலின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

2018 மே 20 அன்று லண்டனை வடக்கு தெற்காகக் கடக்கும் தேம்ஸ்லிங்க் பாதையில் புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தபோது ஏற்பட்ட குழப்பத்துக்கு, ஓட்டுநர்களின் பாதைப் பயிற்சி முடியாதது உட்படக் காரணங்கள் பல. ஆனால் பீட்டர்பரோ, கேம்பிரிட்ஜ், பெட்ஃபர்ட், பிரைட்டன் என்று அத்தனை தொலைவுகளிலிருந்து வரும் ரயில்களை ஒரே நடுத்தடத்தில் கோத்திருந்ததால், ஒரு மூலையில் விழுந்த இடைவெளி மற்ற எல்லா மூலைகளிலும் தெரிந்தது.

ஆகவே என் வாக்கு ஆபி வுட் போன்ற முனைக்கு. அங்கே பழைய தடங்களை ஒட்டி, இந்தப் பாதைக்கென்றே இரண்டு தடங்களும் நடைமேடையும் கட்டினார்கள். அங்கிருந்து கிளம்பும் ரயில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

பதிவு 6 · நகரமைப்பு மாணவி

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த வாதத்தை முழுவதுமாக ஏற்றால், வெளியூர் ரயில்களைப் பழைய பெரிய நிலையத்திலேயே நிறுத்திவிட்டு, தூய்மையான குறுகிய பாதை ஒன்றை மட்டும் சுரங்கத்துக்குள் விட வேண்டும் என்றுதான் வந்து நிற்போம். அதை மக்கள் ஏற்பதில்லை என்பதற்கும் தேம்ஸ்லிங்க்கே சான்று. தென் லண்டன் புறநகர்களைச் சுற்றிவரும் சட்டன் வளையத்திலிருந்து வரும் ரயில்களைச் சுரங்கத்துக்குள் விடாமல் நடுநகர நிலையமான பிளாக்ஃப்ரையர்ஸில் முடித்துவிட வேண்டும் என்று திட்டமிடுபவர்கள் பரிந்துரைத்தார்கள். இயக்கத்துக்கு அதுவே நல்லது. அப்படித் திரும்புவதற்கு வசதியாக அந்த நிலையத்தின் மேற்குப் பக்கத்தில் இரண்டு முனை நடைமேடைகளும் கட்டப்பட்டன. ஆனால் அந்தப் பகுதி மக்கள் தங்கள் நேரடிப் பயணத்தை விட்டுக்கொடுக்க மறுத்துக் குரல் எழுப்பினார்கள். 2013 ஜனவரியில், அந்த ரயில்கள் தொடர்ந்து சுரங்கத்தின் வழியாகவே ஓடும் என்று அரசு அறிவித்தது.

அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாறி ஏறுவது என்பது வரைபடத்தில் ஒரு சிறு வட்டம். தடி ஊன்றி நடப்பவருக்கு அது இரண்டு படிக்கட்டு, ஒரு நீண்ட நடை, தவறவிட்ட ஒரு ரயில்.

நடுநகரில் முடியும் பாதைக்கு வேறொரு குறையும் உண்டு. பாரிஸின் ஆர்.ஈ.ஆர். ஈ பாதை 1999 ஜூலையில் கிழக்கிலிருந்து வந்து ஓஸ்மான்–சேன் லசார் நிலையத்தில் முடிந்தது. மேற்கே உள்ள லா தேஃபான்ஸ் அலுவலகப் பகுதிக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் இறங்கி, ஏற்கனவே நிரம்பி வழியும் ஏ பாதையில் ஏறினார்கள். 2024 மே மாதத்தில்தான் அது லா தேஃபான்ஸைக் கடந்து நாந்தேர் வரை நீண்டது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள்! தற்காலிகமாக முடித்துவைத்த இடத்தில் ஒரு தலைமுறையே இறங்கி ஏறிவிடுகிறது.

பதிவு 7 · கடைசி நிலையத்துப் பயணி

மாணவி எழுதியது மனதைத் தொட்டது. என் தாயாருக்கு மாறி ஏறுவதுதான் பயணத்தையே கைவிட வைத்த காரணம். வேறொன்றும் சேர்க்க இல்லை.

பதிவு 8 · கால அட்டவணை எழுதுபவர்

கட்டுப்பாட்டு அறை ஐயாவுக்கும் மாணவிக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எல்லா ரயில்களும் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை.

எலிசபெத் பாதையில் மேற்கு நோக்கிச் சுரங்கத்தைக் கடந்து வரும் ரயில்களில் கணிசமான பங்கு பேடிங்டனோடு முடிந்துவிடுகிறது. மீதியே ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் ரெடிங் திசைக்கும் பிரிகிறது. அதிலும் மெய்டன்ஹெட்டிலேயே திரும்பும் ரயில்கள் உண்டு. கிழக்கில் தேவை அதிகம், மேற்கில் அவ்வளவு இல்லை என்பதால் இப்படி. பேடிங்டனோடு முடியும் ரயில்கள் அங்கே நடைமேடையை அடைத்துக்கொண்டு திரும்பாமல், பயணிகளை இறக்கிவிட்டு மேலே உள்ள வெஸ்ட்போர்ன் பார்க் தடங்களுக்குப் போய்த் திரும்பி வருகின்றன. ரயில் தானாகவே போய்த் திரும்ப, அந்த நேரத்தில் ஓட்டுநர் பெட்டிகளின் ஊடே நடந்து மறுமுனைக்குச் சென்றுவிடும் வகையில் அந்த இடம் வடிவமைக்கப்பட்டது. நான் பதிவு 2இல் எழுதிய அந்த மூன்று நிமிட நடையை ரயிலின் ஓட்டத்துக்குள்ளேயே ஒளித்துவைத்த வேலை அது. இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

டோக்கியோ நிலையத்தில் சூவோ விரைவுப் பாதை ஒரே நடைமேடையின் இரு பக்கத் தடங்களை வைத்துக்கொண்டு, காலை நெரிசலில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயிலைத் திருப்பி அனுப்புகிறது. முனை நிலையத்தில் வேறோர் ஓட்டுநரை ரயிலின் மறுமுனை நிற்கும் இடத்தில் முன்கூட்டியே காத்திருக்க வைத்தால் நடை மிச்சம். ஆனால் அந்த ஒழுங்கை நம்பி இன்னொரு நகரத்துக்கு அட்டவணை எழுத எனக்குத் துணிவில்லை. ஒரு கதவு மூடாமல் சிக்கினால் போதும், அடுத்தடுத்து வரும் ஆறு ரயில்கள் வெளியே நிற்கும்.

ஆகவே என் பரிந்துரை: சுரங்கத்தை விட்டு வெளியேறும் இடத்தை ஒட்டி, நடைமேடைக்கு அப்பால், இரண்டு திரும்புதடங்கள் கட்டாயம் வேண்டும். சாதாரண நாளில் தேவைக்கு மிஞ்சிய ரயில்கள் அங்கே திரும்பும். ஐயா சொன்ன அந்தச் சிவப்பு வரிசை ஏறிவரும் நாளில், எல்லா ரயில்களையும் அங்கேயே திருப்பிச் சுரங்கத்தைக் காப்பாற்றலாம். இது இருந்தால் வெளி முனையம் தொலைவில் இருப்பதைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

பதிவு 9 · கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

திரும்புதடங்கள் இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி, இரவைப் பற்றியது. கடைசி ரயில் முடிந்ததும் ரயில்கள் எங்கே தூங்கும்? முனையத்தருகே நிறுத்தும் யார்டு இல்லையென்றால், நள்ளிரவுக்கு மேல் ஒவ்வொரு ரயிலும் காலியாகப் பல கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். விடியலுக்கு முன் மீண்டும் காலியாகவே போக வேண்டும். தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஆட்களுக்குக் கிடைக்கும் நேரம் அந்த மூன்று நான்கு மணி நேரம்தான். அதையும் இந்தக் காலி ரயில்கள் தின்றுவிடும். பெரிய நகரத்தின் நடுவில் யார்டுக்கு நிலம் கிடைக்காது. விளிம்பில் கிடைக்கும். முனையம் ரெடிங்குக்குப் போன பிறகும் ரயில்களை நிறுத்தும் தடங்கள் மெய்டன்ஹெட்டில் இருப்பதை யோசித்துப் பாருங்கள்.

பதிவு 10 · நகரமைப்பு மாணவி

நிலம் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். ஆபி வுட்டில் முடித்தபோதே, அதற்கு அப்பால் கிரேவ்சென்ட் திசையில் பாதை நீளக்கூடும் என்று எண்ணி, அந்த வழித்தடத்தை வேறு கட்டடங்கள் அடைத்துவிடாதபடி ஒதுக்கிவைத்தார்கள். இன்றுவரை அங்கே ரயில் போகவில்லை. ஆனாலும் அந்த ஒதுக்கீட்டை நான் வீண் என்று கருதவில்லை. முனை நிலையத்தின் தடம் முட்டும் இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டால், பிறகு எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் பாதை நகராது.

பதிவு 11 · இழையைத் தொடங்கியவர்

தொடங்கும்போது 'அடுத்த பெரிய நகரம் வரை' என்று எழுதினேன். இப்போது அதைத் திருத்திக்கொள்கிறேன். நான்கு தடம் முடியும் விளிம்பு நிலையம் வரை எல்லா நேரமும் அடர்த்தியான சேவை. அங்கே மூன்று நடைமேடைகள், பக்கத்திலேயே யார்டு. அடுத்த நகரத்துக்கு மணிக்குச் சில ரயில்கள் மட்டும், அந்த நகரத்து நிலையத்தில் இந்தப் பாதைக்கெனத் தனி நடைமேடை கிடைத்த பிறகு. சுரங்க வாயிலருகே இரண்டு திரும்புதடங்கள், முதல் நாளிலிருந்தே. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஓடும் பாதையை நிறுத்திவிட்டுத்தான் கட்ட வேண்டிவரும்.

பயணி நண்பர் எழுப்பிய இருக்கைக் கேள்விக்கும் இதில் ஓரளவு விடை இருக்கிறது: விளிம்பு நிலையத்திலிருந்தே காலியாகக் கிளம்பும் ரயில்கள் பெரும்பான்மையாக இருக்கும்.

பதிவு 12 · கடைசி நிலையத்துப் பயணி

ஓரளவு என்பது சரி, நன்றி. அந்த மூன்றாவது நடைமேடை பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த ரயில் எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் என்பதைக் கடைசி நிமிடத்தில் மாற்றினால், பாலத்தின் மேலே ஏறி மறுபக்கம் இறங்குவதற்குள் கதவு மூடிவிடும். எங்கள் நிலையத்தில் வாரம் இரண்டு முறையாவது முதியவர்கள் படிக்கட்டின் நடுவில் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். மூன்று நடைமேடைகளுக்கும் நடுவே ஏறி இறங்காமல் நடந்து போகும்படி தடங்களை ஒரு தலைப்பில் முட்டவைத்துக் கட்ட முடியாதா?

பதிவு 13 · கால அட்டவணை எழுதுபவர்

அப்பால் நீளப்போகும் இரண்டு தடங்களை முட்டவைக்க முடியாது. ஆனால் அங்கேயே திரும்பும் ரயில்களுக்கான மூன்றாவது தடத்தை முட்டவைத்து, நிலைய வாசலுக்கு நேராகக் கொண்டுவரலாம். அப்போது விளிம்பிலிருந்து ஏறுபவர்களில் பெரும்பாலோர் பாலம் ஏறவே வேண்டியதில்லை. ஒரே ஒரு சிக்கல், அந்தத் தடம் ஓரத்தில் இருப்பதால் அதிலிருந்து கிளம்பும் ரயில் எதிர்த்தடத்தைக் குறுக்காகக் கடக்கும். அந்தக் கடப்புக்கு எத்தனை நொடி ஆகும் என்று கணக்கிட்டு, 12 ரயில் அட்டவணையில் பொருத்திப் பார்த்துவிட்டு நாளை இங்கே எழுதுகிறேன்.